ஒழுக்கு நின்ற சனிக்கிழமை

பதினோரு வருஷமாக ஆண்டனி ராஜ் ஒரே நோயாளிக்கு வைத்தியம் பார்த்து வந்தார். நோயாளி குணமாகவும் இல்லை, போய்ச் சேரவும் இல்லை. வைத்தியருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நோயாளி ஒரு மோட்டார் சைக்கிள். பெயர் ஹாரிங்டன். இங்கிலாந்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பிறந்து, ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரோடு ஏற்காட்டுக்கு மலையேறி வந்தது. மேனேஜர் ஊருக்குத் திரும்பிவிட்டார். வண்டி காப்பிக் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் தங்கிவிட்டது. அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் ஆண்டனி ராஜ், குடோனைக் காலி செய்த நாளில் அதைக் கேட்டு வாங்கி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். துடைத்தார். பெட்ரோல் ஊற்றினார். உதைத்தார். இருபத்தாறாவது உதையில் அது கண்விழித்து, ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு இருமல் இருமியது. ஆண்டனி ராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் அழவில்லை. அதை ஜெயமேரி பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வண்டியைப் போர்டிகோவில் நிறுத்தினார். மறுநாள் காலை அதன் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

அன்றைக்கு ஆரம்பித்த ஒழுக்கு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் பூசை முடிந்ததும் ஆண்டனி ராஜ் கிழிந்த பனியனுக்கு மாறுவார். போர்டிகோவில் பாயை விரிப்பார். ஸ்பேனர்களைப் பெரியது சிறியதாக அடுக்குவார். எஞ்சினின் வலது பக்க மூடியைக் கழற்றுவார். மூடிக்கடியில் ஒட்டியிருக்கும் பழைய காகிதப் பேக்கிங்கைச் சுரண்டுவார். புதுப் பேக்கிங் வைத்து, அரைக் குழாய் பசையைப் பிதுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நட்டுகளை இறுக்குவார். இடையில் மூன்று தடவை டீ. பத்தரை மணிக்கு நண்பர் பாலகுமார் வருவார். சேலத்திலிருந்து வந்து ரவுண்டானா பக்கம் டூவீலர் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். இரண்டு பேரும் எஞ்சினைப் பார்த்தபடி உலக விஷயங்களைப் பேசுவார்கள். திங்கட்கிழமை காலை வண்டிக்கு அடியில் வைத்த தட்டில் எண்ணெய் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கும் வேலை இருக்கும்.

இதில் ஜெயமேரிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டத்தின் பெயர் மாரமங்கலம்.

மாரமங்கலத்தில் அவளுடைய அண்ணன் மரியஅந்தோணி இருக்கிறார். நல்ல மனிதர். ஒரே குறை, மிளகு. மிளகுக் கொடியை நட்ட நாளில் பேச்சைத் தொடங்குவார். அது சில்வர் ஓக் மரத்தில் ஏறி, சரம் விட்டு, காய்ந்து, மூட்டையாகி, விலை இறங்குகிற வரைக்கும் கேட்பவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்வார். முடித்ததும் அடுத்த கொடிக்குப் போவார். கல்யாணமான புதிதில் ஆண்டனி ராஜ் ஏழு ஞாயிறு தாங்கினார். பிறகு எட்டாவது ஞாயிறு காய்ச்சல், ஒன்பதாவது பல்வலி என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஹாரிங்டன் வந்து அவரைக் காப்பாற்றியது.

"ஏனுங்க, அண்ணன் ஊட்டுக்கு வாரீங்களா?"

"வரலாம் மேரி. வரக்கூடாதுன்னா சொல்றேன்? இது தெறந்து கெடக்குதே."

"எப்பத்தானுங்க மூடும்?"

"இந்த வாரம் புடிச்சுட்டேன்னு வெய்யி, அடுத்த வாரம் ரெண்டு பேரும் இதுலயே போறோம்."

ஜெயமேரி பையை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போவாள். இப்படிப் பதினோரு வருஷம்.

எல்லாம் அன்பியத்தில் கெட்டது. அவர்களுடைய கோயில் பங்கில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள், முடிந்ததும் சுண்டலும் டீயும். போன மாதம் ஆண்டனி ராஜ் வீட்டு முறை. கூட்டம் அதிகம் என்பதால் பாய் போர்டிகோ வரைக்கும் போனது. கடைசிப் பாயில் மரியா டீச்சர் உட்கார்ந்தார். வெள்ளைப் புடவை. ஹாரிங்டனின் எண்ணெய் தட்டு நிரம்பி, தரையில் இறங்கி, பாய்க்கு அடியில் புகுந்து, ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் டீச்சரை எட்டிவிட்டது. ஆமென் சொல்லி எழுந்தபோது புடவையின் பின்பக்கத்தில் ஒரு தோசை அளவுக்குக் கறுப்பு.

டீச்சர் கறையைத் திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லைங்க, வயசான வண்டி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜெயமேரியால் தாங்க முடியவில்லை. அவள் தையல்காரி. பள்ளிக்கூடத்து யூனிபாரம் பாதி அவள் கையில்தான் தைபடும். ஒரு நூல் பிசிறினாலே தூக்கம் வராது. அவள் வீட்டில் ஒரு வெள்ளைப் புடவை பாழாவதாவது!

அங்கேயே எழுந்து நின்று, "அடுத்த மாசக் கூட்டமும் எங்க ஊட்டுலயே வெச்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினாள்.

"ஏனுங்க."

அந்த 'ஏனுங்க' வேறு மாதிரி இருந்தது. ஆண்டனி ராஜ் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் பழைய வண்டியெல்லாம் சேத்து வெக்கறாருன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா, அவரு சும்மா…"

"மூணு தடவ போன் பண்ணிக் கேட்டாருல்ல?"

"கேட்டாரு மேரி. நாந்தான் கொடுக்க மாட்டேன்னுட்டேன்."

"அடுத்த கூட்டத்துல ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு தரையில உளுந்துச்சுன்னா, நாலாவது போன நாம்பண்றேன்."

"மேரி, அது இங்கிலாந்து எஞ்சினு. இரும்பையும் அலுமினியத்தையும் சேத்து, நடுவுல ஒரு காயிதத்த வெச்சு மூடியிருக்கறான். ஒழுகறது அதோட பிறவிக் கொணம்."

"எம்பட கொணமும் பிறவியில வந்ததுதானுங்க" என்றாள் ஜெயமேரி. விளக்கை அணைத்தாள்.

ஆண்டனி ராஜின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒழுகினால் வண்டி கோயம்புத்தூர் போய்விடும். ஒழுக்கு நின்றால் அவர் மாரமங்கலம் போக வேண்டும். வண்டி இல்லாத ஞாயிறு ஒரு பக்கம், மிளகு ஞாயிறு மறு பக்கம். நடுவில் ஒரு மனிதன்.

பாலகுமாரின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"ஒழுகவும் கூடாது, செரியாவவும் கூடாது. அதுக்கு வழி சொல்லுங்க பாலு."

பாலகுமார் ஒரு பிரேக் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "எண்ணெய் இருந்தாத்தானுங்க ஒழுகும்? காலி எஞ்சின் எங்க ஒழுகப் போவுது?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் ஆண்டனி ராஜ் அப்படியே நின்றுவிட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. அந்த வண்டிக்கு எண்ணெய் தனி டாங்கியில் இருக்கும், சீட்டுக்குக் கீழே. அங்கிருந்துதான் எஞ்சினுக்குப் போய்த் திரும்பும். சனிக்கிழமை மத்தியானம் டாங்கியையும் எஞ்சினையும் வடித்துவிட்டால்? கூட்டம் முடிகிற வரைக்கும் வண்டி காய்ந்த சுரைக்குடுக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்ப ஊற்றிக்கொண்டால் பழைய ஒழுக்கு பழையபடி. 'ஐயோ மேரி, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சே' என்று தலையில் கை வைத்துக்கொள்ளலாம். வண்டியும் தங்கும், ஞாயிறும் தங்கும்.

"பாலு, நீங்க பெரிய ஆளுங்க" என்றார்.

"நான் என்னங்க சொன்னேன்?" என்றார் பாலகுமார், பயந்துபோய்.

அடுத்த மூன்று ஞாயிறும் ஆண்டனி ராஜ் முன்னெப்போதும் இல்லாத தீவிரத்தோடு வைத்தியம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். நெற்றியில் கறுப்பைத் தீட்டிக்கொண்டார். ஜெயமேரி பார்க்கும்போது நட்டை இறுக்கினார், பார்க்காதபோது பாலகுமாரோடு வாழைப்பழ பஜ்ஜி தின்றார்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சமையலறை வாசலில் போய் நின்றார்.

"மேரி, அந்த அஞ்சு லிட்டர் சமையல் எண்ணெய் கேனு காலியா இருக்குதா?"

"இருக்குதுங்க. எதுக்கு?"

"எஸ்டேட்டுல வேணுமாம்."

ஜெயமேரி கேனை எடுத்துக் கொடுத்தாள். கேனைப் பார்த்தாள். போர்டிகோ பக்கம் திரும்பி வண்டியையும் பார்த்தாள். அவள் பார்ப்பதை ஆண்டனி ராஜும் பார்த்தார். பார்த்ததோடு சரி.

அந்த வாரம் முழுக்கத் தட்டில் எண்ணெய் தவறாமல் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து பார்ப்பார், இருக்கும். சாயங்காலம் வந்து பார்ப்பார், இருக்கும். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எண்ணெயின் நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்தது மாதிரி தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் மாதிரி தெளிவு. 'பசை உள்ளே வடிகட்டுது போலருக்குது' என்று நினைத்துக்கொண்டார். தன் கைராசியைப் பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு.

சனிக்கிழமை வந்தது. எஸ்டேட்டில் அரை நாள். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஜெயமேரி கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டனி ராஜ் பூனை மாதிரி போர்டிகோவுக்குப் போனார். டாங்கியின் அடிப்போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் கேனில் இறங்கியது. எஞ்சினின் அடிப்போல்ட்டையும் கழற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்து இரண்டையும் மூடினார். கேனைப் பின்பக்கம் கொண்டுபோய் விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினார். பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் போட்டுக் குளிக்கப் போனார். தலைக்கும் ஊற்றிக்கொண்டார். வேட்டி சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். வெளியே வர நாலரை ஆகிவிட்டது.

போர்டிகோவில் வண்டிக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. பள்ளிக்கூடச் சட்டைத் துணி, சலவை மடிப்புக் கலையாதது. தட்டைக் காணோம்.

"என்ன மேரி இது?"

"வாரவங்க பாக்கோணுமுல்லங்க, ஒழுகலேன்னு?"

"நல்லா பாக்கட்டும்!" என்றார் ஆண்டனி ராஜ். அவருடைய மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் வீட்டைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார்கள். மரியா டீச்சர் இந்த முறை கறுப்புப் புடவை கட்டி வந்திருந்தார். குனிந்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எஞ்சினின் அடியை ஒரு நிமிஷம் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற பார்வை.

"ஒண்ணுமில்லைங்க" என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

பங்குத் தந்தையும் வந்துவிட்டார். வாசகம் முடிந்து, பாட்டு முடிந்து, நன்றி சொல்லும் நேரம் வந்தது. அந்த மாதம் கிடைத்த நன்மையை ஒவ்வொருவராகச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்துவது வழக்கம். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒருவர் முழங்கால் வலி போனதைச் சொன்னார். ஆண்டனி ராஜ் சும்மா இருந்திருக்கலாம். ஜெயமேரி அவர் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீங்களும் சொல்லுங்க" என்றாள். அத்தனை கண்களும் திரும்பின. துணி வேறு பளிச்சென்று இருந்தது.

மனிதருக்கு ஆசை விடவில்லை. எழுந்து நின்றார்.

"பதினோரு வருஷமா என்னைச் சோதிச்ச ஒரு கொறைய, ஆண்டவர் என் கையாலயே தீத்து வெச்சாரு. இந்த வண்டி இனிமே ஒழுகாது. இன்னிக்கில்ல, நாளைக்கில்ல, எப்பவுமே ஒழுகாது. நன்றி ஆண்டவரே!"

"நன்றி ஆண்டவரே!" என்றது கூட்டம்.

சொல்லி உட்கார்ந்த பிறகுதான் 'எப்பவுமே' என்று சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. சந்தையில் சொன்னதை மாற்றிச் சொல்லலாம், எஸ்டேட்டில் சொன்னதை மறந்துவிடலாம். ஜெபத்தில் நன்றி சொன்னதை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? நாளை காலை ஒழுகினால் ஆண்டவர் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார் என்றா சொல்வது?

அதை யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. சுண்டல் தின்று கை கழுவிய பங்குத் தந்தை வண்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆண்டனி, நல்லதாப் போச்சு. என்னோட ஜீப் வொர்க் ஷாப்புல கெடக்குது. மஞ்சக்குட்டையில ஒரு பெரியவருக்கு முடியல, ஜெபம் பண்ணி நன்மை அப்பம் கொடுக்கணும். இதுலயே என்னைக் கொண்டுபோய் விட்டுருங்க."

"இதுலயா, பாதர்?"

"ஏன், இது ஓடாதா?"

"ஓடும் பாதர்… ஓடுமுங்க…"

ஓடும். எண்ணெய் இல்லாமல் இரண்டு ஃபர்லாங் ஓடும். அதற்குள் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, எழுபது வருஷத்து எஞ்சின் இரும்புக் கட்டியாகிவிடும். ஆண்டனி ராஜுக்கு வியர்த்தது. பங்குத் தந்தை அங்கியைச் சுருட்டிப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தே விட்டார். கூட்டம் சுற்றி நின்றது. நோயில் கிடக்கும் மனிதர் ஒரு பக்கம், நாற்பது கண்கள் ஒரு பக்கம்.

"ஒரே நிமிஷம் பாதர். டார்ச் லைட்டு எடுத்துட்டு வந்துர்றேன்."

பின்பக்கம் ஓடினார். விறகு அடுக்குக்குப் பின்னால் கையை விட்டார். சாக்கு இருந்தது. கேன் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். சுற்றுச்சுவர் மேல் கேன் இருந்தது. நன்றாகக் கழுவி, வாயைக் கீழே பார்த்துக் கவிழ்த்து, தண்ணீர் வடிய வைத்திருந்தது.

ஆண்டனி ராஜ் கேனை எடுத்து உலுக்கிப் பார்த்தார். போச்சு. எண்ணெயை யாரோ கொட்டிவிட்டார்கள். இனிப் பொய்யை ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. அதுவும் பின்சீட்டில் சாமியாரையே வைத்துக்கொண்டு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எஞ்சினை மட்டும் கொல்ல மாட்டேன் என்று முடிவுசெய்துவிட்டார். மானம் போனாலும் பரவாயில்லை.

"பாதர், ஒரு விஷயம் சொல்லோணும். நான் ஒரு…"

"கெளம்பறதுக்கு முன்னால டாங்கி மூடியத் தெறந்து எண்ணெய் அளவு பாக்கோணும்னு சொல்லுவீங்களே" என்று ஜெயமேரி குறுக்கே புகுந்தாள். பங்குத் தந்தையின் பையை அவர் மடியில் வைத்தபடி, "பாத்துட்டே போங்க" என்றாள்.

ஆண்டனி ராஜ் மூடியைத் திறந்தார். விரலை விட்டார். எண்ணெய். கோடு வரைக்கும் எண்ணெய்.

ஒரு நொடி, சத்தியமாக ஒரே ஒரு நொடி, அவர் அற்புதம் என்றே நம்பினார். பிறகு ஜெயமேரியின் முகத்தைப் பார்த்தார். காஜா எடுத்து முடித்த சட்டையை மடித்து வைக்கும்போது இருக்கிற அதே அமைதி. இதில் வானகத்துக்குச் சம்பந்தமில்லை என்று விளங்கிவிட்டது.

நான்காவது உதையில் வண்டி எழுந்தது. கூட்டம் கைதட்டியது. மஞ்சக்குட்டை போனார், பெரியவருக்கு நன்மை கொடுத்து முடிகிற வரை வாசலில் நின்றார், பங்குத் தந்தையைக் கோயிலில் இறக்கிவிட்டு வீடு வந்தார். வெள்ளைத் துணியின் மேல் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சூடான எஞ்சினில் எண்ணெய் இன்னும் இளகி ஓடும், ஒழுகுவதென்றால் இப்போது ஒழுகியே தீர வேண்டும். ஒழுகவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஹாரிங்டன் கட்டுப்பாடான வண்டியாக நின்றது. ஆண்டனி ராஜுக்குத் திருட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஜெயமேரி டீயோடு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"எப்ப?" என்றார்.

"செவ்வாக்கெழமைங்க. நீங்க எஸ்டேட்டுக்குப் போனதும் எடுத்தேன். ரெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்பறம் ரெண்டு பாவாடைக்கு ஓரம் அடிச்சேன்."

"ரெண்டு மணிக்கா? பதினோரு வருஷமா நான்…"

"நீங்க வாராவாரம் ஸ்க்ரூ டிரைவரக் குடுத்து நெம்பி நெம்பி மூடி ஓரமெல்லாம் பல்லுப் பல்லா ஆயிருந்துதுங்க. மேடும் பள்ளமுமா இருந்தா எந்தப் பசை நிக்கும்? நான் துணி வெட்டற மேசைக் கண்ணாடி மேல உப்புத்தாள வெச்சு, மூடியக் கவுத்துப் போட்டு, எட்டுப் போட்டுத் தேச்சேன். எல்லா எடமும் ஒரே மாதிரி வெளுக்கற வரைக்கும்."

"பேக்கிங்கு?"

"கழுத்து வெட்டறாப்பல அளவெடுத்து வெட்டினேன். ஒத்தைக் காயிதம். பசை துளி."

"நட்டு?"

"அதுலதானுங்க உங்க தப்பே. மேல இருக்கறத மொதல்ல உசுரு போறாப்பல இறுக்குவீங்க. அப்ப கீழ தூக்கிக்காதா? ரவிக்கைக்குக் கை வெக்கறப்ப ஒரே பக்கமா இழுத்துத் தெச்சா மறுபக்கம் சுருங்கிக்கும். எதுத்தாப்பல எதுத்தாப்பல, கொஞ்சங் கொஞ்சமாப் புடிச்சுட்டு வரோணும். அடியில இருக்கற செம்பு வாஷர அடுப்புல செவக்கக் காச்சித் தண்ணியில போட்டேன், மெத்துன்னு ஆயிருச்சு. பாலகுமார் அண்ணன் சொன்னாருங்க."

"பாலுவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

"ஒம்பது வருஷத்துக்கு முந்தியே உங்ககிட்டச் சொன்னாராமே. நீங்கதான் பஜ்ஜி வாங்கிக் குடுத்துப் பேச்ச மாத்திட்டீங்களாம்."

ஆண்டனி ராஜ் டீயைக் குடித்தார். சூடு தெரியவில்லை.

"அப்ப தட்டுல தெனமும் எண்ணெய் இருந்துதே?"

"தையல் மெஷின் எண்ணெய். காலையில நாலு சொட்டு, நீங்க வார நேரத்துக்கு நாலு சொட்டு."

ஒழுகுகிற வண்டியை ஒழுகாத மாதிரி காட்ட அவர் பாடுபட்டிருக்கிறார். ஒழுகாத வண்டியை ஒழுகுகிற மாதிரி காட்ட அவள் பாடுபட்டிருக்கிறாள். ஒரே வாரம், ஒரே போர்டிகோ.

"செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கலாமுல்ல மேரி?"

"சொல்லியிருந்தா புதங்கெழமை வேற எடத்துல ஒழுக வெச்சிருப்பீங்க. கேனு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் நாலு பேரு முன்னால உங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன். எண்ணெயக்கூட நீங்க குளிக்கறப்பவே திருப்பி ஊத்திட்டேன்."

அவள் மடியில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பிய்த்துப் போட்டாள். பிறகு ஜெயமேரி வேறு குரலில் சொன்னாள்.

"பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு கேக்கறாரு, ஊட்டுக்காரர் வரலீங்களான்னு. எறங்குனா அண்ணி கேக்குது. வண்டி ஒழுகுது வண்டி ஒழுகுதுன்னு பதினோரு வருஷமாச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப்போச்சுங்க. உங்க பின்னால அந்த வண்டியில ஒக்காந்து ஒரு தடவ எங்கூருக்குப் போவோணும்னு எனக்கு ஆச இருக்காதா?"

ஆண்டனி ராஜுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்குப் போலாம் மேரி. பூசை முடிஞ்சதும் போலாம்."

மனதாரத்தான் சொன்னார். அதில் சந்தேகம் வேண்டாம். அப்போது போன் அடிக்காமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"மாப்ள!" என்றது மரியஅந்தோணியின் குரல். "தங்கச்சி சொல்லிச்சு. இனி ஞாயித்துக்கு ஞாயிறு வருவீங்களாமே! நொம்ப சந்தோசம். பதினோரு வருஷத்து மிளகு வெவரம் பாக்கியிருக்குது, ஒண்ணுவுடாமச் சொல்லிப்போடறேன். இந்த வருஷம் புதுசா நானூறு கொடி வேற வெச்சிருக்கறனுங்க."

நானூறு கொடி. அன்று ராத்திரி ஆண்டனி ராஜின் கனவில் அவை ஒவ்வொன்றாக முழங்காலில் ஏறின.

விடிந்ததும் ஜெயமேரி சமையலறையில் இருக்கிற சத்தம் கேட்டது. ஆண்டனி ராஜ் மெல்ல எழுந்து, சின்ன ஸ்பேனரை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போர்டிகோவுக்குப் போனார். நிறைய வேண்டாம். ஒரே ஒரு நட்டு. கால் திருப்பு. ஒரு நாளைக்கு நாலு சொட்டு போதும். ஆண்டவர் மன்னிப்பார், ஆண்டவருக்கு மரியஅந்தோணியைத் தெரியும்.

குனிந்து ஸ்பேனரை வைத்தவர் நிறுத்தினார். நட்டுகளின் மேல் என்னவோ சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்து மூடி வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு. மொத்த நட்டுகளுக்கும் இருந்தது. நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரிய வொர்க் ஷாப்புகளில் இப்படிக் குறி வைப்பார்கள் என்று பாலகுமார் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. என்ன பெயிண்ட் இது என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. நகப்பூச்சு. போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பின்னால் வளையல் சத்தம். ஸ்பேனர் மடிப்புக்குள் போனது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலைப் பனியை ரசிக்கிறவர் மாதிரி திரும்பினார்.

ஜெயமேரி புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காப்பி டம்ளரோடு நின்றாள். டம்ளரை நீட்டினாள். வாங்கக் கை வேண்டுமே. நீட்டினார். அவள் சிவந்திருந்த அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"ஒரே வெரலுக்குப் போட்டா நல்லாருக்காதுங்க. மிச்சம் ஒம்பதுக்கும் அண்ணன் மிளகப் பத்திப் பேசறப்ப ஒக்காந்து போட்டுடறேன், கெளம்புங்க."